ஒன்பது சீப்புத் தார்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் சொன்னதால் இந்தக் குறிப்பு. வடிவு தினமும் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதிவைத்து, 24ஆம் தேதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் மெல்லச் சோர்ந்துகொண்டு வருகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் 5.6. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். அது இன்னும் ஏறினால் இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடுமாம். 24ஆம் தேதிப் பரிசோதனையில் இறங்காவிட்டால் டயாலிசிஸ்தான்.

எட்டாம் வகுப்புக்கு முப்பத்தொரு வருஷம் அறிவியல் நடத்தியவன் நான். பதிவேடு எழுதுவது எனக்குப் புதிதல்ல. டாக்டர் கொடுத்த தாளில் கூடாதவை: வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, தக்காளி, கீரை. வாழைப்பழத்துக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு. மனப்பாடம் செய்துவிட்டேன்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, புடலங்காய்க் கூட்டு. இரவு: தோசை இரண்டு. கால் வீக்கம் லேசாக.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்குப் பார்த்துத்தானா வர வேண்டும்! ஏரல் பக்கம் வாழை போட்டிருக்கும் என் பழைய மாணவன் சுடலைமுத்து, லோடு ஆட்டோவில் ஒரு தாரை இறக்கினான். ஒன்பது சீப்பு. கோழிக்கூடு ரகம். வடிவுக்கு உயிர். கூடவே கை நீளத்துக்கு நறுக்கிய நான்கு வாழைத்தண்டு.

"காத்து முந்நூறு மரத்த முறிச்சிட்டு சார். முத்துனது இது ஒண்ணுதான். மொத தாரு சாருக்குன்னு நெனச்சிருந்தேன், கொண்டாந்துட்டேன்."

முந்நூறு மரம் போனவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வடிவு வாசலுக்கே வந்து காயைத் தடவிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு கிட்னி சரியில்லன்னு கேள்விப்பட்டேன். தண்டுச் சாறு குடுங்க சார். கல்லையே கரைக்குமே. இன்னும் வேணும்னா சொல்லுங்க, தோட்டம் பூரா தண்டுதான் கெடக்கு."

அது எனக்கும் தெரிந்ததுதான். ஊரில் யாருக்கு நீர்க்கடுப்பு வந்தாலும் தண்டுச் சாறுதானே? இருந்தாலும் டாக்டர் தாளை எடுத்து இரண்டு முறை படித்தேன். பழம் என்றுதான் இருக்கிறது. தண்டு என்று எங்கும் இல்லை. ஒரு வயிற்றில் பிறந்தாலும் அண்ணன் குடிகாரனாகவும் தம்பி பக்திமானாகவும் இருப்பதில்லையா? அப்படித்தான் இதுவும்.

தாரை இன்றே தெருவுக்குப் பங்கு வைத்துவிடலாம் என்றேன். வடிவு விடவில்லை.

"காயாவா கொண்டு குடுப்பிய? வாங்குதவங்க என்ன நெனைப்பாங்க? பழுக்கட்டும். தட்டுல வச்சுக் குடுத்தாத்தான் மரியாதை."

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். சரி என்றேன். ஆனால் பழுக்கும் வரை அது வீட்டுக்குள் இருக்கும். அவளும் இருப்பாள்.

ஜூன் 11, புதன்

காலை ஆறு மணி: வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர். நானே செய்தேன். பட்டையை உரித்து, வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வில்லைக்கும் நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டு, அரைத்து வடிகட்டினேன். உப்புப் போடவில்லை. வடிவு முகத்தைச் சுளித்தபடி குடித்தாள்.

"வாத்தியார் கையில சமையல்கட்டக் குடுத்தா இப்பிடித்தான், மருந்தா வரும்" என்றாள்.

மற்றபடி இட்லி, சோறு, சுரைக்காய், தோசை.

ஜூன் 12, வியாழன்

தாரை ஸ்டோர் ரூம் உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தரையில் வைத்தால் அடிச்சீப்பு நசுங்கிக் கறுத்துவிடும். மூட்டம் போட்டுப் புகையில் பழுக்க வைக்கலாமா என்று யோசித்தேன். மூட்டம் போட்டால் மொத்தத் தாரும் ஒரே நாளில் பழுக்கும், ஒரே நாளில் பங்கு வைத்துவிடலாம். ஆனால் வடிவுக்குப் புகை ஆகாது.

தானாகப் பழுக்கும் தாரில் மேல் சீப்பு முந்திக்கொள்ளும். ஒரு பழம் பழுத்தால் அதிலிருந்து கிளம்பும் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும். வகுப்பில் இதற்கு ஓர் உதாரணம் சொல்வேன். கடைசிப் பீரியடில் ஒருவன் மட்டும் பையை மூடினால் போதும், ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேரும் பையை மூடிவிடுவார்கள். மணி அடித்தே இருக்காது.

அதனால், பழுக்கப் பழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாம் என்று, மேல் இரண்டு சீப்பையும் அறுத்துத் தனியே கூடையில் வைத்தேன். மீதி சீக்கிரம் பழுக்காமல் இருக்கக் காம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டினேன். ஸ்டோர் ரூமுக்குப் பூட்டும் போட்டேன்.

"வீட்டுக்குள்ளயே செக்போஸ்டா?" என்று வடிவு சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாறு ஒரு டம்ளர்.

ஜூன் 14, சனி

கூடையில் இருந்தது மஞ்சளாகிவிட்டது. கதவு பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் வாசனையைப் பூட்ட முடியவில்லை. நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. பேப்பரை எடுக்கிறேன், வைக்கிறேன், எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். இன்று மட்டும் பதினொரு தடவை.

பழுத்த இரண்டு சீப்பில் ஒன்றைப் பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மற்றதை மளிகைக்கடை வேலாயுதம் அண்ணாச்சிக்கு. கீழ்ச்சீப்புக் காயை அறுத்து எனக்கு மட்டும் வறுவல் போட்டேன். வடிவு மோர்சாதம் சாப்பிட்டாள். வறுவல் வாயில் நொறுங்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டதால் பாதியில் வைத்துவிட்டேன்.

சாறு ஒரு டம்ளர். கால் வீக்கம் அப்படியே.

ஜூன் 16, திங்கள்

அடுத்த சீப்பில் பழம் குறைகிறது. நேற்று பதினான்கு இருந்தது. இன்று பன்னிரண்டு. சாவியைக் குளிக்கப் போகும்போது மட்டும்தான் ஆணியில் மாட்டுகிறேன்.

"வடிவு, நீ தின்னியா?"

"இல்ல."

"பெறகு எங்க போச்சு? எலி தோலோடயா திங்கும்?"

"தின்னியான்னு கேட்டிய. இல்லன்னு சொல்லிட்டேன்."

பள்ளியில் ஆயிரம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் நான். மறைக்கும் முகம் எனக்குத் தெரியும். அவள் முகத்தில் அது இருந்தது.

மாடியில் துணி காயப்போடும்போது கைப்பிடிச்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபமணி டீச்சர் நின்றார். மனசு ஆறாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பிடியா சார்? வடிவக்காவா? ஆசைன்னு ஒண்ணு உண்டுல்லா. எங்க வீட்டுக்காரரு சுகர் வந்த பெறகுதான் ஜாங்கிரியக் கண்டுபிடிச்சாரு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சர்க்கரை. இவளுக்கு இதயம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் இரண்டு குறைந்தது. சமையலறையில் கொஞ்சம் பேச்சு. எழுதும்படி ஒன்றுமில்லை.

சாறு ஒரு டம்ளர். முகம் சுளிக்காமல் குடித்தாள்.

ஜூன் 18, புதன்

வடிவு என்னிடம் பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். பல்வலியா என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 19, வியாழன்

தார் என் கையை மீறிப் போய்விட்டது. நான்கு சீப்பு ஒரே நாளில் பழுத்துவிட்டது. கணித ஆசிரியர் வீட்டுக்கு ஒன்று, கோவில் பூசாரிக்கு ஒன்று, ரேஷன் கடைக்காரருக்கு ஒன்று. கனிந்து தோல் வெடித்ததைப் பிசைந்து, கோதுமை மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அப்பம் சுட்டு, அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனேன். கிட்னிக்குத் தண்டுச் சாறு கொடுத்துவருவதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"தார அப்பிடியே தூக்கி யாருக்காவது குடுத்துரலாமே சாரே, ஏன் கெடந்து மல்லுக்கட்டுதிய?" என்றார்.

"வீட்டுல கள்ளி இருக்கா அண்ணாச்சி. அதான் பயம்" என்றேன். கடையில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இசக்கியம்மாளும் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வாங்கிய சாமானை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கோமதிக்கும் போன் செய்து சொன்னேன். உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, சின்னப் பிள்ளையாம்மா நீ? அப்பா ஒரு ஆளா கெடந்து கஷ்டப்படுறாங்க. வாயக் கட்ட முடியாதா உனக்கு?"

வடிவு கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, கட்டிக்கிடுதேன்" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்தாள்.

ஜூன் 21, சனி

கை கால் கனக்கிறது என்கிறாள். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். இட்லி ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வருகின்றன. எவ்வளவு தின்றாளோ!

சுடலைமுத்து நேற்று இன்னும் தண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். இன்று முதல் சாறு காலை ஒரு டம்ளர், மாலை ஒரு டம்ளர். தின்ற பழத்தை இதுதான் வெளியேற்ற வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலில் பலமே இல்லை. ஜெபமணி டீச்சரின் மகன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பொட்டாசியம் 6.9. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு டாக்டர் நர்ஸிடம் வேகவேகமாக எதையோ சொன்னார். நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

"வீட்டில் என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் எவ்வளவோ பூட்டிவைத்தேன் டாக்டர். எனக்குத் தெரியாமல் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டாள்."

வடிவு கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் உணவு ஆலோசகர் வந்தார். சின்ன வயதுப் பெண். "சாப்பாட்டு விவரம் எழுதச் சொன்னோமே, வச்சிருக்கீங்களா சார்?" என்றார். எனக்கு ஒரு பெருமிதம். எத்தனை பேர் இப்படித் தேதி வாரியாக எழுதுவார்கள்? நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில் ஆரம்பித்தேன்.

"ஜூன் 11. காலை ஆறு மணி: வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர்..."

"இருங்க சார். என்ன சாறு?"

"வாழைத்தண்டு. கிட்னிக்கு நல்லதல்லவா? நானே நார் எடுத்து..."

"தினமுமா?"

"தினமும்தான். சனிக்கிழமையிலிருந்து இரண்டு வேளை."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். குரலை உயர்த்தவில்லை. தண்டில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதைச் சலித்து வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது, ஊரில் பாதிப்பேர் இந்தத் தப்பைச் செய்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நான் எட்டாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்கு விளக்குவது போலவே விளக்கினார்.

"ஆனால் பழமும் சாப்பிட்டிருக்கிறாளே..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அம்மா, பழம் சாப்பிட்டீங்களா?" என்று வடிவிடம் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல தாயி."

அந்தப் பெண் உடனே நம்பினார். அதற்கு அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஜூன் 25, புதன்

பொட்டாசியம் 5.7. இறங்குகிறது.

இசக்கியம்மாள் வார்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் வடிவின் காலடியில் நின்று அழுதாள். அவள் மருமகளுக்கு ஏழாம் மாதமாம். கோழிக்கூடு பழத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறாள். வடிவுதான் தினமும் இரண்டு எடுத்து இசக்கியின் தூக்குச் சட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

அவள் போன பிறகு கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வடிவு?"

"யாருக்குக் குடுத்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே. தின்னியா தின்னியான்னுதான கேட்டிய. அதுக்கு இல்லன்னு சொன்னேன். நாப்பத்திரெண்டு வருஷத்துல நான் உங்ககிட்ட எத்தன பொய் சொல்லிருக்கேன்? அந்த எண்ணிக்கையையும் எழுதுங்க உங்க நோட்டுல."

நான் எழுதவில்லை. எழுத ஒரு எண்ணும் இல்லை.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பொட்டாசியம் 5.0. இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார் டாக்டர். ஸ்டோர் ரூமைத் திறந்தால் ஈக்கூட்டம். மிச்சமிருந்த சீப்புகள் கறுத்து, காம்பு விட்டுத் தரையில் உதிர்ந்து கிடந்தன. பூட்டை உள்ளே எறிந்தேன்.

வடிவு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கெடாம இருக்கத எடுத்து அப்பம் சுடுங்க. சுட்டு, யார் யார்ட்ட என்னக் கள்ளின்னு சொன்னியளோ அவங்க வீட்டுக்கெல்லாம் கொண்டு போங்க. அப்பத்த மட்டும் குடுத்துட்டு வந்துராதிய. வாயத் தொறந்து சொல்லணும்."

"சொல்கிறேன்."

"எல்லாத்தையும் சொல்லணும். பதினேழாந்தேதி செஞ்சதையும்."

நோட்டு மேசைமேல்தான் கிடக்கிறது. அவள் படித்திருக்கிறாள்.

மாலையில் கிளம்பினேன். ஜெபமணி டீச்சர் வாசலில் நின்றபடியே கேட்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நானும் சிரிச்சேன்லா சார் அன்னைக்கு. அக்காட்ட நானும் வந்து சொல்லணும்" என்று செருப்பை மாட்டினார். அண்ணாச்சி கடையில் ஆள் இருந்தது. ஆள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பிறகு, அன்றைக்கும் ஆள் இருக்கும்போதுதானே சொன்னேன் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அட சாரே, எங்க அண்ணனுக்கும் கிட்னில கோளாறு. நீங்க சொன்னியன்னு அவனும் போன வாரத்துல இருந்து தண்டுதான் குடிக்கான்!" என்றார் அண்ணாச்சி.

அவருடைய போனை வாங்கி, அங்கேயே நின்று, அந்த அண்ணனிடம் பேசினேன். நாளைக்கே இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன் என்று அவர் சொல்லும் வரை போனை வைக்கவில்லை.

பதினேழாம் தேதி செய்ததை இரண்டு இடத்திலும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பதினேழாம் தேதி நான் எழுதாமல் விட்டது இது.

பள்ளியில் பீடி குடிக்கும் பையன்களைப் பிடிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. வாயைத் திறந்து ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். அன்று சமையலறையில் வடிவின் தாடையைப் பிடித்து, "ஊது" என்றேன். அவள் ஊதவில்லை. இன்னொரு முறை சொன்னேன். ஊதினாள். அறுபத்து நான்கு வயதுப் பெண். என் முகத்துக்கு நேரே, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். மோர் வாசனைதான் வந்தது. அப்படியும் நான் நம்பவில்லை. வாயைக் கொப்பளித்திருப்பாள் என்று நினைத்தேன்.

இன்று கோமதிக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். தண்டுச் சாற்றைப் பற்றிச் சொன்னபோது அவள் அழுதாள். இதைச் சொன்னபோது அழவில்லை.

"அப்பா, நீங்க அம்மாவ ஊதச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"நான் அதுக்கு அப்புறம்தான அம்மாவ வாயக் கட்டச் சொன்னேன்?"

"ஆமாம்."

"புதன்கிழமை வர்றேன். அம்மாவ இங்க கூட்டிட்டு வரப் போறேன். வேண்டாம்னு சொல்லாதீங்க."

சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 2, புதன்

கோமதி வந்துவிட்டாள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். அவர்களுக்கு இரவு ரயில். எத்தனை நாளுக்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வடிவு துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று கதவோரம் நின்றேன். வகுப்பில் எதற்கும் ஓர் உதாரணம் கைவசம் வைத்திருப்பவனுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

"என்னை மன்னிச்சிரு வடிவு" என்றேன். நாற்பத்திரண்டு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை.

அவள் சேலை மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தச் சாப்பாட்டுப் பொண்ணு புதுசா எழுதிக் குடுத்துச்சே, தாளு, அது எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம். எது ஆகும், எது ஆகாது, எந்தக் காயை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. அதைக் கைப்பையில் வைக்கப் போனவள் நின்றாள்.

"இத நான் கொண்டு போயிருவேன். நீங்க ஒண்ணு பாத்து எழுதி வச்சிக்கிடுங்க."

"எனக்கு எதற்கு?"

"பெறகு நான் வந்தா எனக்கு என்னத்தப் பொங்கிப் போடுவிய?" என்றாள். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மதியத்திலிருந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை எழுத்து கோணலாக வந்தது. இரண்டாம் தடவை ஒரு வரி விட்டுப்போயிற்று. மூன்றாவது தாளை எடுத்திருக்கிறேன். ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. எழுதி முடித்து, அவள் கையில் கொடுத்து, சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.